19 சீசன், அதே 8.7 மில்லியன் டாலர்... ஐஸ் ஹாக்கியில் எகிறும் சம்பள உச்சவரம்பால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

ஐஸ் ஹாக்கி ரசிகர்களிடம் சிட்னி கிராஸ்பிக்கு இருக்கும் மரியாதை, நம்மூரில் தோனிக்கு இருக்கும் மரியாதை மாதிரி. பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் அணியின் கேப்டன், மூன்று முறை ஸ்டான்லி கோப்பை வென்றவர். பிறந்தது 1987 ஆகஸ்ட் 7. அமெரிக்க முறையில் எழுதினால் 8/7/87. ஜெர்சி நம்பர் 87. சம்பளக் கணக்கிலும் அதே எண்தான்: ஆண்டுக்கு சராசரியாக 8.7 மில்லியன் டாலர், அதாவது 87 லட்சம் டாலர்.

2008-09 சீசனில் தொடங்கிய இந்தக் கணக்கு 2026-27 சீசன் வரைக்கும் அப்படியே போகிறது. நடுவில் ஒப்பந்தம் மூன்று முறை போட்டாச்சு. எண் மட்டும் மாறவே இல்லை.

ஆனால் எண் மாறாவிட்டாலும் அதன் எடை கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. 2008-09ல் ஒரு அணி தன் எல்லா வீரர்களுக்கும் சேர்த்து செலவழிக்க அனுமதிக்கப்பட்ட தொகை 56.7 மில்லியன் டாலர். அதில் கிராஸ்பியின் பங்கு 15 சதவீதத்துக்கும் மேல். இந்த 2025-26 சீசனில் அந்த வரம்பு 95.5 மில்லியன். கிராஸ்பியின் பங்கு 9 சதவீதம். அடுத்த சீசனில் 8.4 சதவீதமாக இறங்கிவிடும்.

அமெரிக்கா, கனடாவில் 32 அணிகளோடு நடக்கும் என்ஹெச்எல் எனும் தேசிய ஹாக்கி லீக்கில் இப்போது நடந்துகொண்டிருக்கும் சம்பளப் புயலைப் புரிந்துகொள்ள இந்த ஒரு சதவீதக் கணக்கு போதும். எத்தனை மில்லியன் என்பதைவிட, மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்பதுதான் அங்கே முக்கியம்.

அது என்ன சேலரி கேப்?

ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு 'பர்ஸ்' இருக்குமே, கிட்டத்தட்ட அதுதான். 2025 மெகா ஏலத்தில் ஒரு அணியின் பர்ஸ் ரூ.120 கோடி. என்ஹெச்எல்லில் இந்த சீசன் உச்சவரம்பை நம்ம காசில் சொன்னால் ரூ.800 கோடிக்கும் மேல்.

வித்தியாசம் என்னன்னா, அங்கே ஏலம் கிடையாது. அணி நிர்வாகமும் வீரரின் ஏஜென்ட்டும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போடுகிறார்கள். 2 ஆண்டு, 5 ஆண்டு, 8 ஆண்டு என்று எத்தனை ஆண்டுக்குப் போட்டாலும் மொத்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்து வரும் சராசரிதான் உச்சவரம்புக் கணக்கில் ஏறும். ஒரு வருஷம் அதிகமாகவும் மறு வருஷம் குறைவாகவும் கையில் கொடுக்கலாம், கணக்கில் சராசரிதான்.

இன்னொரு விதி: எந்த ஒரு வீரருக்கும் உச்சவரம்பில் 20 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. லக்னோ அணி ரிஷப் பந்துக்குக் கொடுத்த ரூ.27 கோடி அந்த பர்ஸில் 22.5 சதவீதம். என்ஹெச்எல்லில் அந்த டீல் செல்லவே செல்லாது!

உச்சவரம்பைத் தாண்டினால் அபராதம் கட்டிவிட்டுத் தப்பிக்கும் வழியும் இல்லை. அமெரிக்காவின் கூடைப்பந்து, பேஸ்பால் லீக்குகளில் கூடுதல் வரி கட்டிவிட்டு செலவு செய்யலாம். ஹாக்கியில் கோடு என்றால் கோடுதான். கீழேயும் ஒரு கோடு உண்டு. இந்த சீசனில் 70.6 மில்லியனுக்குக் குறைவாக செலவு செய்யவும் எந்த அணிக்கும் அனுமதி இல்லை.

ஒரு சீசனையே பலி கொடுத்து வந்த விதி

இந்த முறை சும்மா வந்துவிடவில்லை. சம்பள உச்சவரம்பு வேண்டும் என்று அணி உரிமையாளர்கள் ஒற்றைக் காலில் நின்றார்கள். வீரர்கள் சங்கம் முடியாது என்றது. 2004-05ல் கதவடைப்பு. ஒரு சீசன் முழுக்க ஒரு போட்டிகூட நடக்கவில்லை. கடைசியில் 2005-06ல் 39 மில்லியன் டாலர் உச்சவரம்போடு ஆட்டம் மீண்டும் தொடங்கியது.

அந்தத் தொகை எப்படி நிர்ணயிக்கப்படுகிறது? லீக்கின் ஹாக்கி வருமானத்தில் வீரர்களுக்கு ஒரு பங்கு. முதலில் 57 சதவீதம் வரை போனது. 2012-13ல் இன்னொரு கதவடைப்பு நடந்து, பாதிப் பாதி என்று முடிவானது. டிவி உரிமம், டிக்கெட், விளம்பரம் என வருமானம் கூடினால் உச்சவரம்பும் கூடும்.

இதில்தான் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. வீரர்களின் மொத்தப் பங்கு 50 சதவீதம் என்று பூட்டப்பட்டுவிட்டது. அதனால் ஒவ்வொரு ஊதியத்திலும் ஒரு பகுதி பிடித்து வைக்கப்படும். சீசன் முடிந்து கணக்குப் பார்க்கும்போது வீரர்கள் பாதிக்கு மேல் வாங்கியிருந்தால், பிடித்த பணம் உரிமையாளர்களிடமே போய்விடும். ஆக, ஒரு நட்சத்திரம் கூடுதலாக வாங்கும் ஒவ்வொரு டாலரும் முதலாளியின் பையிலிருந்து வருவதில்லை. பெரும்பாலும் சக வீரரின் பங்கிலிருந்துதான் வருகிறது. ஏஜென்ட்கள் இதை வெளியே அவ்வளவாகச் சொல்வதில்லை.

கொரோனா போட்ட பிரேக்

2019-20ல் உச்சவரம்பு 81.5 மில்லியன். அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஏறிக்கொண்டே இருந்ததால், இனியும் ஏறும் என்று எல்லோரும் நம்பினார்கள். நம்பியவர்களில் முதலிடம் டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸுக்கு.

ஆஸ்டன் மாத்யூஸ், ஜான் டவாரெஸ், மிட்ச் மார்னர், வில்லியம் நைலாண்டர் என்று நான்கு பேருக்கு மட்டும் அந்த அணி கொடுத்தது சுமார் 40.5 மில்லியன். அணியில் 23 பேர். உச்சவரம்பில் பாதி நாலு பேருக்கு! உச்சவரம்பு ஆண்டுதோறும் ஏறியிருந்தால் இந்தப் பங்கு தானாகச் சுருங்கியிருக்கும். கணக்கு தப்பில்லை, காலம்தான் தப்பு.

2020 மார்ச்சில் போட்டிகள் நின்றன. ரசிகர்கள் இல்லாத அரங்கம், 56 ஆட்டமாகச் சுருங்கிய அடுத்த சீசன். வருமானம் விழுந்தது, ஆனால் ஒப்பந்தத் தொகை விழவில்லை. விளைவு, வீரர்கள் பாதிக்கு மேல் வாங்கியதாகக் கணக்கு வந்தது. அந்தக் கடனை அடைக்கும்வரை உச்சவரம்பு கிட்டத்தட்ட அப்படியே நிற்கும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. 2023-24ல்கூட 83.5 மில்லியன்தான். நாலு வருஷத்தில் ஏறியது வெறும் 2 மில்லியன்!

இந்த இடைவெளியில் ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தவர்கள் பாடு திண்டாட்டம். டெய்லர் ஹால் கதையைப் பாருங்க. 2018ல் லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் டிராஃபி வாங்கியவர். நீண்ட ஒப்பந்தம் கேட்கும் நேரம் வந்தது 2020 அக்டோபரில். சந்தை படுத்திருந்ததால் பஃபலோவோடு ஒரே ஒரு ஆண்டுக்கு 8 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார். அடுத்த வருஷம் நிலைமை சரியாகும் என்ற நம்பிக்கை. சரியாகவில்லை. சீசன் நடுவிலேயே பாஸ்டனுக்கு மாற்றப்பட்டு, அங்கே ஆண்டுக்கு 6 மில்லியனுக்கு நாலு ஆண்டு ஒப்பந்தம். விளையாட்டு வீரரின் சம்பாதிக்கும் காலம் பத்துப் பன்னிரண்டு வருஷம். அதில் பெரிய ஒப்பந்தம் போடும் வாய்ப்பு ஒரு முறையோ இரு முறையோதான் வரும். அந்த ஒரு முறை தப்பான ஆண்டில் வந்துவிட்டால், பிறகு உச்சவரம்பு எவ்வளவு ஏறினாலும் போனது போனதுதான்.

அணிகளுக்கும் அடி விழுந்தது. 2024 ஆகஸ்டில் எட்மன்டன் ஆயிலர்ஸ் அணியின் இளம் வீரர்கள் ஃபிலிப் புரோபெர்க், டிலன் ஹாலோவே இருவருக்கும் செயின்ட் லூயிஸ் புளூஸ் ஒரே நேரத்தில் ஆஃபர் கொடுத்தது. அதே தொகையை எட்மன்டன் கொடுத்தால் இருவரையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கணக்கில் இடமில்லை. இருவரும் போய்விட்டார்கள். போன சீசனிலேயே ஹாலோவே 63 புள்ளிகள் எடுத்தது எட்மன்டன் ரசிகர்களின் வயிற்றெரிச்சல்.

ஒரே அறிவிப்பில் மாறிய காட்சி

2025 ஜனவரி 31 அன்று லீக்கும் வீரர்கள் சங்கமும் சேர்ந்து மூன்று ஆண்டுக்கான உச்சவரம்பை முன்கூட்டியே அறிவித்தன. அதற்கு முன் இப்படி மூன்று ஆண்டுக்கு மொத்தமாகச் சொன்னதில்லை. 2024-25ல் 88 மில்லியனாக இருந்தது, 2025-26ல் 95.5, 2026-27ல் 104, 2027-28ல் 113.5. மூன்றே ஆண்டில் 29 சதவீத உயர்வு.

கீழ்க்கோட்டையும் பாருங்கள். 2027-28ல் ஒரு அணி குறைந்தபட்சம் செலவழிக்க வேண்டிய தொகை 83.9 மில்லியன். 2023-24ல் அதிகபட்சமே 83.5தான்! நாலு வருஷம் முன்பு மேல்மாடியாக இருந்தது இப்போது தரைத்தளத்துக்கும் கீழே போய்விட்டது.

பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், ஒரு முக்கியப் பதில் கனடா. ரோஜர்ஸ் நிறுவனம் 2014ல் தொடங்கிய 12 ஆண்டு ஒளிபரப்பு உரிமத்துக்குக் கொடுத்தது 5.2 பில்லியன் கனடிய டாலர். 2026-27ல் தொடங்கும் அடுத்த 12 ஆண்டுக்கு 11 பில்லியன். இரண்டு மடங்குக்கும் மேல்.

கப்ரிஸோவ் சொன்ன 'நோ'

2025 செப்டம்பரில் மினசோட்டா வைல்ட் அணி, ரஷ்ய வீரர் கிரில் கப்ரிஸோவுக்கு 8 ஆண்டுக்கு 128 மில்லியன் டாலர் தருவதாகச் சொன்னதாகவும், அவர் மறுத்துவிட்டதாகவும் செய்திகள் வந்தன. 'இதுக்கு மேல என்னதான் வேணும்?' என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அதே மாதம் 30ஆம் தேதி 136 மில்லியனுக்குக் கையெழுத்தானது. ஆண்டுக்கு 17 மில்லியன், நம்ம கணக்கில் சுமார் ரூ.150 கோடி. என்ஹெச்எல் வரலாற்றில் அதுவரை யாரும் தொடாத தொகை.

பேராசையா? சதவீதத்தில் போட்டுப் பார்த்தால் கதை வேறு. இந்த ஒப்பந்தம் தொடங்கும் 2026-27ல் 17 மில்லியன் என்பது உச்சவரம்பில் 16.3 சதவீதம். கானர் மெக்டேவிட்டின் 12.5 மில்லியன் ஒப்பந்தம் 2018-19ல் தொடங்கியபோது அது 15.7 சதவீதம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. 2027-28ல் கப்ரிஸோவின் பங்கு 15 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆக, வைல்ட் நிர்வாகம் தலை சுற்றிக் கையெழுத்துப் போடவில்லை. இன்றைக்குக் கனமாக இருக்கும் சுமை நாளைக்கு இளைக்கும் என்ற கணக்கில் போட்டது. வருமானம் இதே வேகத்தில் வளர்ந்தால் சரி. டொரன்டோவும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தது.

நீண்ட ஒப்பந்தமா, குட்டி ஒப்பந்தமா?

உச்சவரம்பு ஏறும் காலத்தில் வீரருக்கும் அணிக்கும் ஆசை எதிர் எதிர் திசையில் போகும். அணிக்கு நீண்ட ஒப்பந்தம் வேண்டும், ஏனென்றால் விலை பூட்டப்பட்டுவிடும். வீரருக்கு, குறிப்பாக இளம் நட்சத்திரத்துக்கு, குட்டி ஒப்பந்தம் லாபம். இரண்டு மூன்று ஆண்டில் மறுபடி பெரிய சந்தைக்கு வரலாம். டொரன்டோவின் மாத்யூஸ் 2024-25ல் தொடங்கிய ஒப்பந்தத்தை நாலே ஆண்டுக்குப் போட்டது (ஆண்டுக்கு 13.25 மில்லியன்) இந்தக் கணக்கோடு பொருந்திப் போகிறது. ஆனால் ஹாக்கி முட்டி மோதும் ஆட்டம். ஒரு மோசமான காயம் போதும், அந்த அடுத்த சந்தையே இல்லாமல் போய்விடும். அதனால் பலருக்கு எட்டு ஆண்டு உத்தரவாதம் பெரிய நிம்மதி.

ஒரு காலத்தில் இந்த ஆண்டுக் கணக்கே கேலிக்கூத்தாக இருந்தது. 2010ல் நியூ ஜெர்சி டெவில்ஸ், இலியா கோவல்சுக்குக்கு 17 ஆண்டு, 102 மில்லியன் என்று ஒரு ஒப்பந்தம் போட்டது. முடியும்போது அவருக்கு வயது 44! கடைசி ஆண்டுகளில் சம்பளம் வெறும் 5.5 லட்சம் டாலர். அதாவது அவர் அதுவரை ஆடவே மாட்டார், சராசரியைக் குறைக்கத்தான் இந்த ஆண்டுகளைச் சேர்த்திருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. நடுவர் அதை ரத்து செய்தார். 2013ல் வந்த கூட்டு ஒப்பந்தம் சொந்த அணி என்றால் 8, வேறு அணி என்றால் 7 ஆண்டு என்று வரம்பு வைத்தது.

2026 செப்டம்பரில் அமலுக்கு வரும் புதிய கூட்டு ஒப்பந்தத்தில் அது 7, 6 என்று மேலும் குறைகிறது. அதற்கு முன் எட்டு ஆண்டைப் பிடித்துவிட வேண்டும் என்ற அவசரம் 2025 இலையுதிர் காலத்தில் தெரிந்தது. கப்ரிஸோவ் கையெழுத்திட்டு எட்டே நாளில் வேகாஸ் அணியின் ஜாக் ஐக்கல் (ஆண்டுக்கு 13.5 மில்லியன்), வின்னிபெக்கின் கைல் கானர் (12 மில்லியன்) இருவரும் எட்டு ஆண்டுக்குக் கையெழுத்திட்டார்கள்.

கையில் காசு, கடையில் சரக்கு இல்லை

உச்சவரம்பு ஏறினால் ஒப்பந்தம் முடிந்த வீரர்களுக்கு அணிகள் போட்டி போட்டுப் பணத்தைக் கொட்டும் என்றுதான் தோன்றும். 2025 கோடையில் நடந்ததோ வேறு. எல்லா அணிகளிடமும் பணம் இருந்ததால், அவரவர் தங்கள் வீரர்களையே விடாமல் பிடித்துக்கொண்டார்கள். தொடர்ந்து இரண்டு முறை கோப்பை வென்ற ஃப்ளோரிடா பாந்தர்ஸ், சாம் பென்னட், ஆரன் எக்பிளாட், பிராட் மார்ச்சண்ட் மூவரையும் தக்கவைத்தது. உச்சவரம்பு உறைந்து கிடந்த காலமாக இருந்திருந்தால் மூன்றில் ஒருவராவது வெளியே போயிருப்பார்.

அந்தக் கோடையில் இடம் மாறிய பெரிய பெயர் டொரன்டோவின் மார்னர். ஆண்டுக்கு 12 மில்லியன், எட்டு ஆண்டு, போனது வேகாஸுக்கு. நெவாடா மாநிலத்தில் மாநில வருமான வரி கிடையாது. ஃப்ளோரிடா, டெக்சஸ், டென்னசியும் அப்படித்தான். காகிதத்தில் ஒரே 12 மில்லியன். கைக்கு வருவது ஊருக்கு ஊர் வேறு. கனடிய அணிகளுக்கு இது கூடுதல் தலைவலி. வருமானம் கனடிய டாலரில், சம்பளம் அமெரிக்க டாலரில்.

நாலாவது வரிசை வீரருக்கு என்ன கிடைக்கும்?

தலைப்புச் செய்தியில் வராதவர்கள் கணக்கு இது. எட்மன்டனை எடுத்துக்கொள்வோம். இந்த சீசனில் லியோன் டிரைசைட்டல் 14, மெக்டேவிட் 12.5, இவான் புஷார்ட் 10.5, டார்னெல் நர்ஸ் 9.25. நாலு பேருக்கே 46.25 மில்லியன். மீதி சுமார் 49 மில்லியனை 19 பேர் பங்கு போட வேண்டும். சராசரி 2.6 மில்லியன். நல்ல பணம்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் டொரன்டோ 2019ல் செய்ததும் இதேதான்.

அடிமட்டத்தில் இருப்பவர்களுக்கு உச்சவரம்பு ஏறுவதால் மட்டும் எதுவும் தானாக வந்துவிடாது. அவர்களைக் காப்பது குறைந்தபட்ச சம்பள விதி. இப்போது 7.75 லட்சம் டாலர். புதிய ஒப்பந்தப்படி 2026-27ல் 8.5 லட்சம், படிப்படியாக ஏறி 2029-30ல் 10 லட்சம். மேலே 29 சதவீதம் மூன்றே ஆண்டில்; கீழே அதே 29 சதவீதம் வந்து சேர 2029-30 வரை காத்திருக்க வேண்டும். அத்தனை சீசன் ஆடும் வாய்ப்பு அந்த வரிசையில் பலருக்குக் கிடைப்பதே இல்லை. இந்தக் காத்திருப்புக்கு நடுவில், 82 ஆக இருந்த லீக் ஆட்டங்கள் 2026-27 முதல் 84 ஆகவும் உயர்கின்றன.

மெக்டேவிட் ஏன் அதே சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டார்?

கப்ரிஸோவ் ஒப்பந்தம் வந்ததும் எல்லோர் கண்ணும் மெக்டேவிட் மேல். இன்றைய தேதிக்கு ஐஸ் ஹாக்கியின் மிகச் சிறந்த வீரர் என்று பெரும்பாலானோர் சொல்லும் பெயர். விதிப்படி அவர் 2026-27க்கு 20.8 மில்லியன் வரை கேட்கலாம். எட்மன்டன் மறுத்திருக்கவும் முடியாது.

2025 அக்டோபர் 6 அன்று வந்த செய்தி எல்லோரையும் திகைக்க வைத்தது. இரண்டே ஆண்டு. அதே 12.5 மில்லியன். ஆண்டுக்கு அதிகபட்சம் 8.3 மில்லியன், அதாவது ரூ.70 கோடிக்கு மேல், மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்துவிட்டார். எதற்கு? எட்மன்டன் 2024, 2025 இரண்டு ஆண்டும் இறுதிப் போட்டிக்கு வந்து ஃப்ளோரிடாவிடம் தோற்றது. அவர் விட்டுக்கொடுக்கும் பணத்தில் இன்னும் ஒன்றிரண்டு நல்ல வீரர்களை வாங்கலாம். அடுத்த சீசனில் அவர் பங்கு 12 சதவீதம்தான்.

இதைத் தியாகம் என்று மட்டும் எழுதிவிட முடியாது. எட்டு ஆண்டுக்குப் போட்டிருந்தால் அவர் 37 வயது வரை பூட்டப்பட்டிருப்பார். இரண்டு ஆண்டு என்பது எட்மன்டன் நிர்வாகத்துக்குக் கொடுத்த கெடு. 2028 கோடையில் ஒப்பந்தம் முடியும்போது மெக்டேவிட்டுக்கு வயது 31. அதற்குள் உச்சவரம்பு 113.5 மில்லியனைத் தொட்டிருக்கும். புதிய விதிப்படி எட்மன்டன் அவருக்கு அதிகபட்சம் 7 ஆண்டு தரலாம். வேறு அணி என்றால் 6.